விட்டுப் பிடிங்க

"மூணு வாரமா நான்தான் கடைசி. எங்க தப்பு பண்றேன், சொல்லுங்க மேடம்," என்றார் கோதண்டராமன்.

மேடம் என்றது பிலோமினாவை. எங்கள் ஏரியில் பாய்ப்படகு ஓட்டக் கற்றுத் தருகிறவர். முப்பத்து மூன்று வயது. பேச்சில் மகா கஞ்சம்.

கோதண்டராமன் முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். போன மாதம்தான் சொந்தமாக ஒரு பாய்ப்படகு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஐந்து படகுகள் போட்டி போடும். அதில் இவருடையதும் ஒன்று.

பிலோமினா அவர் கையைப் பார்த்தார். பாயின் கயிற்றை இறுக்கிப் பிடித்து உள்ளங்கை சிவந்து கிடந்தது.

"விட்டுப் பிடிங்க சார்."

அவ்வளவுதான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு விசில் ஒலித்தது. நான்கு படகுகள் கிளம்பின. கோதண்டராமன் மட்டும் படகுத்துறைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். எல்லோரும் தூரம் போன பிறகுதான் கையை எடுத்தார்.

மறுபடியும் கடைசி.

"என்ன சார் பண்ணீங்க?"

"நீங்க சொன்னதைத்தான். விட்டேன். பிடிக்க முடியல."

"யாரை?"

"முன்னாடி போன நாலு பேரை. ரூட்ல தனியார் வண்டியை அப்படித்தான் பிடிப்போம். முதல்ல போகட்டும்னு விட்டுடுவோம். ஸ்டாப்பிங்ல அவன் ஆள் ஏத்துறப்ப தாண்டிப் போயிடுவோம்."

பிலோமினா ஏரியைக் கையால் காட்டினார்.

"இங்க ஸ்டாப்பிங் எங்க சார் இருக்கு?"

அன்று வீட்டில் அவர் மனைவி தனபாக்கியம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். படகு வாங்கக் கேட்டபோது மறுபேச்சில்லாமல் தலையாட்டியவரும் அவர்தான்.

"வர்ற ஞாயிறும் கடைசின்னா படகை வித்துடணும்."

கோதண்டராமன் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். ரிட்டயர் ஆன பிறகு மனிதர் வாய்விட்டுச் சிரித்ததே அந்தப் படகில் ஏறிய பிறகுதான்.

காலையில் பிலோமினாவிடம் ஓடினார். மனைவி போட்ட நிபந்தனையைச் சொன்னார். பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.

"ராத்திரி பூரா யோசிச்சு எழுதி வெச்சிருக்கேன். ஜெயிக்கணும்கிற ஆசையை விடணும். விட்டாத்தான் வெற்றியைப் பிடிக்கலாம். இதானே நீங்க சொன்னது?"

"கயிறை சார்."

"என்னது?"

"கயிறைச் சொன்னேன்."

பிலோமினா அவரைக் கூட்டிக்கொண்டு படகில் ஏறினார். கயிற்றைக் கொஞ்சம் விட்டார். பாயின் முன் ஓரம் படபடத்தது. படபடப்பு நிற்கும் வரைக்கும் இழுத்தார். படகு நகர்ந்தது. காற்று லேசாகத் திரும்பியது. மறுபடியும் விட்டார், மறுபடியும் பிடித்தார்.

கயிற்றைக் கோதண்டராமன் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துகொண்டார்.

கரையில் நின்ற எனக்கே கோபம் வந்தது. இதை முதல் நாளே செய்து காட்டித் தொலைத்திருந்தால் என்னவாம்?

ஞாயிறு வந்தது. காற்று ஒரு நிலையில் நிற்கவில்லை. கோதண்டராமனும் கையைச் சும்மா வைத்திருக்கவில்லை. விட்டார், பிடித்தார், விட்டார். கடைசித் திருப்பத்தில் ஒரு படகு அவருக்குப் பின்தங்கியது.

அதை அவர் நம்பாமல் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

துண்டோடு கரையில் நின்றிருந்தார் தனபாக்கியம்.

"தனம், நாலாவது. கடைசி இல்ல. படகை விக்க வேணாம்."

"சரி, வேணாம். தலையைத் துவட்டுங்க."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி படகைக் கட்டப் போனார் மனிதர். அன்றைக்கு அந்த ஏரியிலேயே அவ்வளவு சந்தோஷமான ஆள் வேறு யாருமில்லை, முதல் பரிசு வாங்கியவர் உட்பட.

பிலோமினா மெதுவாகக் கேட்டார்.

"நெஜமாவே வித்திருப்பீங்களாக்கா?"

தனபாக்கியம் கணவர் போன திசையைப் பார்த்தார்.

"கல்யாணமாகி முப்பத்தி நாலு வருஷமாச்சு. இவரை எப்படி ஓட்டிக்கிட்டு வரேன்னு நினைச்சே?"