முதல் வரி

வருடம் முடியப்போகும் நேரத்தில் கல்விப் பணிப்பாளர் குணநாயகம் அந்தத் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு வந்தார். பத்தாம் வகுப்புக்குள் போய்க் கணக்குப் புள்ளிகளைப் பார்த்தார். ஒருவரும் சித்தியடையவில்லை.

“கொழுந்து பறிக்கிற சனத்தின் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது. இந்த வகுப்பை மூடிவிடலாம்” என்றார்.

கணக்குக்கு ஆசிரியர் கேட்டுப் பாடசாலை அதிபர் எழுதிய ஏழு கடிதங்களும் அவருடைய அலுவலகத்தில்தான் கிடந்தன. எட்டாவது முறை சொல்ல அதிபருக்கே அலுத்துவிட்டது.

மாணவி யோகமலர் கணக்குப் புத்தகத்தைக் காட்டியபடி எழுந்தாள். “சேர், இந்தக் கணக்கு மட்டும் விளங்கல. பெரிய படிப்பு படிச்சவங்களுக்கும் இது ஏலாதுன்னு சொல்றாங்க.”

பணிப்பாளருக்குச் சுருக்கென்றது. சுண்ணக்கட்டியை எடுத்தார். முக்கால் மணி நேரம் வியர்க்க வியர்க்க விளக்கினார். அதே மாதிரி இன்னொரு கணக்கைக் கொடுத்தார். முக்கால்வாசிப் பேர் சரியாகச் செய்துவிட்டார்கள்.

“பார்த்தீங்களா, சொல்லித் தந்தா ஏறுது!” என்றார் பெருமையாக.

“ஆமா சேர். பாடம் எடுத்தவங்க இதுல எழுதிக் கையெழுத்துப் போடணும்” என்று யோகமலர் பாடப் பதிவேட்டை நீட்டினாள்.

அவர் தேதி போட்டு, ஒப்பமிட்டு, பிறகுதான் பக்கத்தைப் பார்த்தார். கணக்குப் பாடத்துக்கான அந்தப் பக்கத்தில் ஜனவரியிலிருந்து ஒரு வரிகூட இல்லை. முதல் வரி அவருடையது. நவம்பர் பன்னிரண்டு. மேலதிகாரிகள் வந்தால் முதலில் புரட்டுவது அந்தப் பதிவேட்டைத்தான்.

இரண்டே வாரத்தில் கணக்கு டீச்சர் வந்தார். பிள்ளைகள் கைதட்டவில்லை.

“டீச்சர், நீங்க எத்தனை நாளைக்கு இருப்பீங்க?” என்றுதான் கேட்டார்கள்.