நரியார் போட்ட மனைப்பிரிவு

ஒரு காட்டில், மலை இறங்கி முடிகிற பள்ளத்தில், மிருகங்கள் எல்லாம் கூடி ஒரு நெல்வயல் வைத்திருந்தன. பன்றிகள் மூக்கால் உழும். கொக்குகள் நாற்று நடும். முயல்கள் களை பறிக்கும். பறித்ததில் பாதி களையே இல்லை, பயிர்தான். அது முயல்களின் வயிற்றுக்குள் போய்விடும். போனால் போகிறது என்று மற்றவை விட்டுவிடும். மலைச்சுனையிலிருந்து ஒரு வாய்க்கால் வருஷம் முழுக்க ஓடி வந்து அந்த வயலை நனைத்தது.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. மேடு குடியிருக்க, பள்ளம் பயிர் செய்ய. தண்ணீர் நிற்கிற நிலம் நஞ்சை. நஞ்சையில் யாரும் குழி பறித்து வீடு கட்டக் கூடாது. கட்டினால், கட்டியதைத் தூர்த்துவிட்டு வயல் முழுவதும் அவரே தனியாக நாற்று நட வேண்டும். வரப்பில் வளை போட்டுக்கொள்ள நண்டுக்கு மட்டும் அனுமதி. நண்டு வேறு எங்கே போகும், பாவம்?

அந்த நண்டின் பெயர் குறுக்காயி. நடப்பது குறுக்கே, பேசுவதும் குறுக்கே. யாராவது சுவாரஸ்யமாகப் பேசிக்கொண்டிருந்தால் நடுவில் புகுந்து ஒரு கேள்வி கேட்பாள். "குறுக்கே பேசாதே" என்று கேட்டுக் கேட்டு அவள் ஓடு தடித்துப் போயிருந்தது.

ஒரு வருஷம் வாய்க்கால் வற்றியது. வயல் பாளம் பாளமாக வெடித்தது. அப்போது குறுக்காயியின் வயிற்று மடிக்குள் நூறு குஞ்சுகள் இருந்தன. வயலில் நிற்கிற தண்ணீரில் இறக்கிவிட்டால்தான் அவை பிழைக்கும். இன்னும் பத்து நாள் தாங்குமா என்று நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

அந்தச் சமயம் பார்த்து நரியார் வயலுக்குள் கல் நட்டார். வெறும் கல் இல்லை. கொக்கு எச்சம் பூசி வெள்ளை அடித்த கல். கல்லுக்குக் கல் ஒரு கிளி இறகு கொடியாகப் பறந்தது. "வந்து பார்ப்பவர்களுக்கு மதியச் சாப்பாடு இலவசம்" என்று காடு முழுக்கச் சொல்லி அனுப்பினார். சாப்பாடு என்றதும் ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் வந்துவிட்டன.

"பெரியோர்களே, இது மனைப்பிரிவு. சமதளம். நல்ல காற்று. ஆற்றுக்கு ஐந்தே நிமிஷம். மேட்டில் இருக்கும் உங்கள் பழைய வளையை எனக்குக் கொடுங்கள், இங்கே புது மனையை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் நரியார்.

"இது நஞ்சை அல்லவா?" என்று குறுக்காயி கேட்டாள்.

"குறுக்கே பேசாதே. தலைவரே தீர்ப்புச் சொல்லட்டும்."

காட்டுத் தலைவர் கரடியார். அவர் கையில் நரியார் கொடுத்த தேனடை இருந்தது. அவர் விரலை நக்கிக்கொண்டே வயலைப் பார்த்தார். "தண்ணீர் நின்றால் நஞ்சை. நிற்கவில்லை என்றால் மனை. இங்கே தண்ணீர் நிற்கவில்லை. அவ்வளவுதான் தீர்ப்பு" என்றார்.

"தண்ணீர் ஏன் நிற்கவில்லை?"

"மழை இல்லை" என்றார் நரியார்.

"சுனைத் தண்ணீர் மழையை நம்பியா ஓடுகிறது?"

"குறுக்கே பேசாதே என்று சொன்னேனா இல்லையா?" என்றார் நரியார். எல்லா மிருகங்களும் குறுக்காயியை முறைத்தன. இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது அல்லவா, அந்தக் கோபம்.

குறுக்காயி காய்ந்த வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு மலை ஏறினாள். குறுக்கே குறுக்கே நடந்து உச்சிக்குப் போய்ச் சேர இரண்டு நாள் பிடித்தது. அங்கே வாய்க்காலின் வாயை யாரோ கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்திருந்தார்கள். அடைப்புக்குப் பின்னால் தண்ணீர் தளும்பத் தளும்ப நின்று, மறுபக்கம் வழிந்து, யாருக்கும் உபயோகமில்லாத பாறை இடுக்கில் ஓடிக்கொண்டிருந்தது. களிமண்ணை வாலால் பூசி மெழுகிய தடம் நன்றாகத் தெரிந்தது. போதாக்குறைக்கு நாலு செம்பட்டை முடி வேறு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அடப் பாவி" என்றாள் குறுக்காயி. அழுகை போய்க் கோபம் வந்தது.

கீழே வந்து முயலாரிடம் விஷயத்தைச் சொன்னாள். முயலார் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கிழக்குப் பார்த்த மனை எனக்கு. நாலு நாளில் மேட்டு வளையைக் காலி செய்து கொடுக்க வேண்டும். மூட்டை கட்டுகிற நேரத்தில் குறுக்கே வராதே."

சொல்லி இவர்களுக்குப் புரியவைக்க முடியாது என்று குறுக்காயிக்குத் தெரிந்துபோயிற்று. அவள் நேரே நரியாரிடம் போனாள். அங்கே கரடியார், முயலார், பன்றிகள் எல்லாரும் இருந்தார்கள்.

"நரியாரே, ஒரு சந்தேகம்."

"குறுக்கே..."

"நேராகவே கேட்கிறேன். இவ்வளவு நல்ல மனை, ஆனால் நீங்கள் ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லையே?"

எல்லாக் காதுகளும் நரியார் பக்கம் திரும்பின. முயலாரின் காது கொஞ்சம் அதிகமாகவே திரும்பியது.

"நான்... உங்களுக்காக விட்டுக்கொடுக்கிறேன்" என்றார் நரியார்.

"ஐயோ, அது எப்படி? மூலை மனையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முதலில் பால் காய்ச்சிக் குடியேறினால், நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு பின்னாலேயே வருவோம்."

"அதுதானே முறை" என்றார் முயலார்.

"விருந்து உண்டா?" என்று கரடியார் கேட்டார்.

நரியார் யோசித்தார். ஒரு நாள் கூத்து, அதற்குப் பிறகு மேடு முழுவதும் தனக்கு. "உண்டு, உண்டு" என்றார்.

மூன்று நாளில் மூலை மனையில் நரியார் வீடு கட்டி முடித்தார். வாசலுக்கு மாவிலைத் தோரணமும் கட்டினார். அந்த மூன்று நாளும் குறுக்காயியை யாரும் தேடவில்லை. குறுக்கே பேச ஆள் இல்லாதது எல்லாருக்கும் நிம்மதியாகவே இருந்தது.

நல்ல நாள் காலை. அடுப்பில் பால் பானை. மிருகங்கள் சுற்றி நின்றன. "பொங்கட்டும், பொங்கட்டும்" என்று கரடியார் பாயசத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அதே நேரம் மலை உச்சியில் குறுக்காயி வேலையை முடித்துக்கொண்டிருந்தாள். களிமண்ணில் துளை போடுவதற்கு நண்டுக்குச் சொல்லியா தர வேண்டும்? அடைப்பில் அங்கங்கே வளை போட்டு, கடைசிப் பூச்சை மட்டும் மிச்சம் வைத்திருந்தாள். இப்போது அதையும் கொடுக்கால் ஒரு தட்டுத் தட்டினாள். அடைப்பு அப்படியே பிளந்துகொண்டது.

பால் பொங்குவதற்கு முன்னால் தண்ணீர் பொங்கி வந்துவிட்டது. அடுப்பு அணைந்தது. பானை மிதந்தது. பாயச அண்டா மிதந்து போவதைப் பார்த்துக் கரடியார் கலங்கிப் போனார். நரியார் வீட்டுக்குள்ளிருந்து நீந்தி வெளியே வந்தபோது கழுத்தில் மாவிலைத் தோரணம் மாலை போலக் கிடந்தது. தண்ணீரோடு தண்ணீராகக் களிமண் கட்டி ஒன்று உருண்டு வந்து கரடியார் காலடியில் நின்றது. அதன்மேல் குறுக்காயி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நாலு செம்பட்டை முடி ஒட்டிக்கொண்டிருந்தது.

கரடியார் முடியைப் பார்த்தார். நரியாரின் வாலைப் பார்த்தார். அண்டா போன திசையையும் ஒரு தடவை பார்த்தார்.

"நரியாரே, இங்கே தண்ணீர் நிற்கிறதா?"

"நிற்கிறது... அதாவது, கொஞ்சமாக நிற்கிறது."

"நின்றால் நஞ்சை என்று நான் சொன்னேன். நஞ்சையில் வீடு கட்டியது யார்?"

நரியார் வாலை மெல்லப் பின்னால் மறைத்துக்கொண்டார். முயலார் கட்டிய மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினார். குறுக்காயி வரப்போரம் போய் மடியைத் திறந்தாள். நூறு குஞ்சுகளும் தண்ணீரில் இறங்கி, நூறும் குறுக்கே ஓடின. அவளுக்குச் சந்தோஷத்தில் பேச்சே வரவில்லை. வாழ்க்கையில் அவளுக்குப் பேச்சு வராதது அந்த ஒரு தடவைதான்.

வெள்ளம் வடிந்ததும் நரியார் வீட்டைத் தூர்த்தார். கல்லையெல்லாம் பிடுங்கினார். பிறகு இடுப்பு ஒடியக் குனிந்து, வாலில் சேறு சொட்டச் சொட்ட, வயல் முழுவதும் நாற்று நட்டார்.

"நேராக நடுங்கள், நரியாரே. வரிசை குறுக்கே போகிறது" என்றாள் வரப்பிலிருந்து குறுக்காயி.

நரியாருக்கு வந்ததே கோபம். "நீ குறுக்கே..." என்று ஆரம்பித்தார்.

"பேசட்டும்" என்றார் கரடியார்.

நீதி: விளைநிலத்தை ஒருவன் தரிசு என்று சொன்னால், அதன் வாய்க்காலை அடைத்தது யார் என்று முதலில் பார்.