குடை எடுத்துக்கிட்டியா?

இந்தக் கதைக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவசரம் மட்டும் வேண்டாம். அவசரப்பட்டவர் ஒருவர் கதைக்குள்ளேயே இருக்கிறார்.

மதுரையில் செல்வரங்கம் என்று ஒரு பேருந்து ஓட்டுநர். மனைவி வெண்மதி தையலில் கெட்டிக்காரி. அவளுக்கு இருதுருவ மனநோய். சில வாரம் மனம் தரையிலேயே நிற்காது; சில வாரம் படுக்கையை விட்டு எழ விடாது. நோய் ஏறும்போது முதலில் தூக்கம்தான் குறையும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

அவள் சிரித்தாலே "மாத்திரை போட்டியா?" என்பார் செல்வரங்கம். அந்தக் கேள்வி அவளுக்கு வேப்பங்காய். அதனால் நல்ல நாளொன்றில் அவளே ஒரு விதி வைத்தாள். சந்தேகம் வந்தால் அவர் "குடை எடுத்துக்கிட்டியா?" என்று கேட்க வேண்டும். அவள் சிரித்தால் நலம். கோபப்பட்டால் நோய், மறுபேச்சில்லாமல் மருத்துவரிடம் வருவாள்.

நான்கு நாள் சென்னைப் பேருந்து ஓட்டிவிட்டு, செல்வரங்கம் நேராக வெண்மதியின் அக்கா மகள் வளைகாப்புக்கு வந்தார். கோவையில் தையல் சொல்லித்தரும் வேலை கிடைத்த சந்தோஷத்தை வெண்மதி ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"படபடன்னு பேசுறா தம்பி, பாத்துக்கங்க" என்றாள் அக்கா, அவர் காதோரம்.

அவர் பயந்துபோய் வெண்மதியிடம் விரைந்தார். வெயில் கொளுத்தும் நேரத்தில், பந்தி நடுவே, "குடை எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டார். அதன் பொருள் அக்காவுக்கும் தெரியும்.

"நான் சந்தோஷமா இருக்கக் கூடாதா? இத்தனை பேர் முன்னாடியா கேப்பீங்க?" வெண்மதியின் குரல் உயர்ந்தது.

"கோபப்படுறே பாரு."

அவள் மருத்துவரிடம் போகக் கிளம்பினாள். அவருக்கு முன்னால் போய் ஆட்டோவில் உட்கார்ந்தாள்.

மருத்துவர் அரைமணி நேரம் விசாரித்தார். நான்கு இரவும் ஏழு மணி நேரம் தூங்கியிருக்கிறாள்; மாத்திரை தவறவில்லை. "நல்லா இருக்காங்க" என்றார்.

வெளியே வந்ததும் வெண்மதி கேட்டாள்: "சொன்ன சொல்ல நான் காப்பாத்திட்டேன். இனிமே நான் எதுக்குத்தாங்க கோபப்படலாம்?"

காதோரம் சொன்ன அக்கா, பயந்து கேட்ட கணவர், விதி வைத்த மனைவி. இதில் பிழை யாருடையது?

விடை: அக்கா கண்டதைச் சொன்னாள், அவளை விட்டுவிடுங்கள். செல்வரங்கம் பயந்ததும் பிழையில்லை. தூக்கத்தை விசாரிக்காமல், தனியே கேட்க வேண்டியதைப் பந்தியில் கேட்டது பிழை. ஆனால் பெரிய பிழை அந்த விதியில் இருந்தது. நியாயமாகக் கோபப்பட அதில் அவளுக்கு இடமே இல்லை. அதை அவளே வைத்தாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இப்போது விதியை மாற்றிவிட்டார்கள். தனியாக, "தூங்கினியா?" என்று மட்டுமே அவர் கேட்கலாம். மறுநாளே குழம்பில் உப்பில்லை என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். வெண்மதி கத்தித் தீர்த்தாள். அவர் "தூங்கினியா?" என்றுகூடக் கேட்காமல் சாப்பிட்டு முடித்தார்.