அகர வரிசையில் நூற்று முப்பத்தேழு கடிதங்கள்

அன்று மாடியில் இருந்தவர்கள் நான்கு பேர். ஹபீபா டீச்சர், அவருடைய மாணவர் மாசிலாமணி, தொலைபேசி எடுக்கும் ரோஸ்லின், சர்வர் கணினியைக் கவனிக்கும் சொரிமுத்து. அலமாரி மேல் படுத்திருந்த பூனையையும் எண்ணினால் ஐந்து. அதற்கு வேலை எதுவும் கிடையாது என்பதால் விட்டுவிடலாம்.

டீச்சருக்கு வயது நாற்பத்து மூன்று. மாணவருக்கு ஐம்பத்தொன்பது. மாசிலாமணி ரயில் தபால் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் கடிதம் பிரித்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பாளையங்கோட்டையில் இந்த ஜெராக்ஸ் கடையின் மாடிக்கு ஏறி வந்து, "எனக்கும் சொல்லிக் கொடுங்க டீச்சர்" என்று நின்றவர். அதற்குப் பிறகு ஏழு வருடம் ஆகிவிட்டது.

அங்கே செய்துகொண்டிருந்தது ஒரு கணினி இயங்குதளம். பெயர் முற்றம். விலை கிடையாது. நூலகங்கள், ஊராட்சி அலுவலகங்கள், தட்டச்சுக் கடைகள் என்று பதினோராயிரம் கணினிகளில் ஓடியது. அதன் ஐந்தாம் பதிப்பு வெளிவந்து அன்றோடு ஆறு நாள். புதிய திரையை முழுவதும் எழுதியவர் மாசிலாமணி. இரண்டு வருட உழைப்பு.

ஆறு நாளில் நூற்று முப்பத்தேழு கடிதங்கள் வந்திருந்தன. எல்லாம் மின்னஞ்சல்தான். காகிதத்தில் இருந்தால்தான் மாசிலாமணிக்குக் கை ஓடும் என்று ரோஸ்லின் அச்செடுத்துக் கொடுத்திருந்தாள்.

அவர் தரையில் உட்கார்ந்து பிரித்தார். பழகிய கை. ஒரு பார்வை, ஒரு வீச்சு. இருபது நிமிடத்தில் முடிந்தது.

"ஜன்னல் பக்கம் திட்டு, தொண்ணூத்திரண்டு. கதவுப் பக்கம் பாராட்டு, முப்பத்தெட்டு. நடுவுல ஏழு, எந்தப் பக்கமும் சேராதது."

"திட்டு எப்படி?" என்று கேட்டார் டீச்சர்.

ரோஸ்லின் மேலிருந்து ஒன்றை எடுத்துப் படித்தாள். "'எங்கள் திரை வீட்டு மனுஷன் மாதிரி இருந்தது. இப்போது கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக நிற்கிறது.' இன்னொருத்தர், 'குப்பைத்தொட்டியை எங்கே ஒளித்து வைத்தீர்கள்? என் குப்பையைத் திருப்பிக் கொடுங்கள்.'"

சொரிமுத்து சிரித்தான். மாசிலாமணி சிரிக்கவில்லை.

மாலை ஐந்து மணிக்கு டீச்சர் முடிவு சொல்ல வேண்டும். ஐந்தாம் பதிப்பு நிற்பதா, திரும்பப் பெறுவதா? திரும்பப் பெற்றால் படி இறங்கிவிடுவது, பிறகு ஏறுவதில்லை என்று மாசிலாமணி முதல் நாளே ரோஸ்லினிடம் சொல்லிவிட்டார். அது டீச்சருக்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர்," என்றார். "திட்டுறவங்க பேச்சைக் கேக்கணுமா, பாராட்டுறவங்க பேச்சைக் கேக்கணுமா?"

"டீ குடிச்சிட்டு வாங்க சார்."

அவர் கீழே போய் டீ குடித்தார். திரும்பி வரப் பதினைந்து நிமிடம் ஆனது.

தரை வெறுமையாக இருந்தது. மூன்று குவியலும் இல்லை. மேசை மேல் ஒரே கட்டு. நான்கு ஓரமும் தட்டிச் சமமாக்கி, வெள்ளை நாடாவால் கட்டியிருந்தது.

"என்ன இது?"

"ஒழுங்கு பண்ணினோம்," என்றார் டீச்சர். "பேர் வச்சு அகர வரிசையில. ரோஸ்லினும் கை கொடுத்தா. தரையெல்லாம் ஒரே களேபரமா கெடந்துது."

"களேபரமா!" மாசிலாமணியின் குரல் உயர்ந்தது. பூனை தலையைத் தூக்கிப் பார்த்தது. "அது களேபரம் இல்ல டீச்சர். ஜன்னல் பக்கம்னா ஒண்ணு, கதவுப் பக்கம்னா ஒண்ணு. வச்ச எடத்துலதானே எல்லாம் இருந்துச்சு! எனக்கு இனி எப்படித் தெரியும்?"

"பாக்க அழகா இருக்கா, இல்லையா?"

மாசிலாமணி கட்டைக் கையில் எடுத்தார்.

"எதுக்கும் இன்னொரு தடவை பிரிச்சிருங்க," என்றார் டீச்சர். "அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

கோபத்தோடுதான் உட்கார்ந்தார். நாடாவை அவிழ்த்தார். அகிலாண்டம் என்பவருடைய கடிதத்தில் தொடங்கினார். கோபத்தில் கை பழைய வேகத்தில் ஓடவில்லை. காலையில் எந்தக் கடிதத்தை எங்கே போட்டோம் என்று யோசிக்க ஒவ்வொன்றையும் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படிப் பிடித்துக்கொண்டதில் இரண்டாம் வரி கண்ணில் பட்டது. பிறகு மூன்றாம் வரி. கடிதம் பிரிக்கிறவர்கள் முகவரியை மட்டும்தான் பார்ப்பார்கள். உள்ளே இருப்பதைப் படிப்பது அவர்கள் வேலை இல்லை. இருபத்தெட்டு வருடம் அவர் அப்படித்தான் இருந்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு எழவில்லை. மூன்றே கால் மணிக்கு நூற்று முப்பத்தொன்றாவது கடிதத்துக்கு வந்தார். எழுதியவர் பெயர் வெள்ளைத்தாய். ஓர் ஊராட்சி அலுவலகத்தில் கணினி இயக்குபவர்.

'ஐயா, வணக்கம். புதிய முற்றம் மிகவும் அழகாக இருக்கிறது. பாராட்டுகள்.'

காலையில் இதைக் கதவுப் பக்கம் போட்டது நினைவுக்கு வந்தது. கை கதவுப் பக்கம் நீண்டது. கண் கீழே போனது.

'ஒரே ஒரு சந்தேகம். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதியோர் உதவித்தொகை மனுக்களை நான் திரையிலேயே வைத்திருப்பேன். இடது பக்கம் இருப்பவை கையெழுத்து ஆகாதவை. வலது பக்கம் ஆனவை. கீழே இருப்பவர்கள் காலமாகிவிட்டவர்கள். மொத்தம் அறுபத்து நான்கு. இப்போது எல்லாம் அகர வரிசையில் நிற்கின்றன. நேற்று ஒரு வீட்டுக்குப் போன் செய்து, அந்த அம்மாவைக் கைரேகை வைக்கக் கூட்டி வாருங்கள் என்றேன். அவர் தை மாதமே போய்விட்டாராம். அவர் மகன் என்னைத் திட்டவில்லை. போனை மட்டும் வைத்துவிட்டார். யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?'

மாசிலாமணி அதை இரண்டு முறை படித்தார். எந்தப் பக்கமும் போடவில்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

கணினியைத் திறக்கும்போதெல்லாம் திரையில் கிடப்பதை அகர வரிசையில் அடுக்கும் நிரலை எழுதியவர் அவர். பழைய இடங்களின் குறிப்பு ஏழாம் நாள் தானாக அழியும்படி வைத்தவரும் அவர்தான். வேண்டாதது கணினியில் கிடக்கக் கூடாது என்பதற்காக.

"சொரிமுத்து, இன்னைக்கு எத்தனாவது நாள்?"

"ஆறு. காலையிலேர்ந்து நீங்களே நாலு தடவை சொல்லிட்டீங்க."

மாசிலாமணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அடுக்கும் வரியை நிறுத்தினார். அழிக்கும் வரியை எடுத்தார். பழைய இடத்துக்குத் திருப்பும் வரி ஒன்றைச் சேர்த்தார். சொரிமுத்து இரண்டு முறை சரிபார்த்து, பதினோராயிரம் கணினிகளுக்கும் அனுப்பி வைத்தான். அப்போது மணி நாலு நாற்பது.

"டீச்சர், இந்தக் கடிதம் முன்னாடியே உங்க கண்ணுல பட்டுச்சா?"

"இல்ல சார். முப்பத்தெட்டுப் பேர் பாராட்டினாங்கன்னு சொன்னீங்கல்லா? வெறுமனே பாராட்டுறதுக்கு நம்ம ஊர்ல யாரு சார் லெட்டர் போடுவா? முதல்ல நல்லா இருக்குன்னு சொல்லிட்டுத்தான் எதையும் ஆரம்பிப்பாங்க. அதான் மறுபடி பிரிக்கச் சொன்னேன்."

ரோஸ்லின் வெள்ளைத்தாயைத் தொலைபேசியில் பிடித்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"மாசிலாமணி பேசுறேன்மா. அந்தத் திரையை எழுதினவன். கணினியை ஒரு தடவை அணைச்சுத் திரும்பப் போடுங்க."

"ஐயாவா? நீங்களே பேசுதீங்களா? நான் குறை சொல்லணும்னு எழுதல ஐயா. ரொம்ப அழகாத்தான் இருக்கு."

"அழகு இருக்கட்டும்மா. அணைச்சுப் போடுங்க."

காத்திருந்தார்கள். மறுமுனையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வெள்ளைத்தாய் மூச்சை இழுத்தார். வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். மாசிலாமணி கடிதத்தின் பின்பக்கம் குறித்துக்கொண்டார். இடது பக்கம் இருபத்தொன்பது. வலது பக்கம் இருபத்தேழு. கீழே எட்டு. வெள்ளைத்தாய் அந்த எட்டுப் பேரையும் பெயர் சொல்லி எண்ணினார்.

"அறுபத்து நாலும் வந்துட்டும்மா," என்றார் மாசிலாமணி.

"வந்துட்டு ஐயா. ஆனா நடுவுல மூணு நிக்கி. இந்த ஆறு நாளுக்குள்ள புதுசா வந்தது. இதுக்குப் பழைய இடம் கெடையாதுல்லா?"

"புதுசுன்னா கையெழுத்து ஆகியிருக்காது," என்றார் மாசிலாமணி. பேனா ஏற்கெனவே காகிதத்தில் இறங்கிவிட்டது. "இடது பக்கம்..."

ஹபீபா டீச்சர் கை நீட்டிப் பேனாவை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"அது உங்க மேசை இல்ல சார்."

"நீங்களே பாத்து வைங்கம்மா," என்றார் மாசிலாமணி. மணி ஐந்தானது. ஐந்தாம் பதிப்பைப் பற்றிய முடிவை விட்டுவிட்டு டீச்சரும் காத்திருந்தார். மறுமுனையில் வெள்ளைத்தாய் யோசித்துக்கொண்டிருந்தார். திரையின் நடுவில் மிச்சம் மூன்று.