பனிச்சரிவும் நரியின் கால்தடமும்

இமயமலையில் பதினொரு மலையாடுகள் ஒரு பனிச்சரிவின் ஓரத்தில் வந்து நின்றன. முந்தாநாள் ஓய்ந்த மூன்று நாள் புயலில் புல்லெல்லாம் பனிக்கு அடியில் போய்விட்டது. சரிவுக்கு அப்பால் இருந்த மேட்டில் மட்டும் காற்று பனியைத் துடைத்துவிட்டிருந்தது. அங்கே புல் தெரிந்தது.

மந்தையை நடத்தி வந்த ஆட்டின் பெயர் வெள்ளைநெற்றி. அது காலை எடுத்து வைக்கப் போய், தயங்கி நின்றது.

"என்ன அக்கா, யோசனை?" என்றபடி ஒரு நரி வந்தது. "நேற்று நான் இதே வழியில்தான் போய் வந்தேன். அதோ பாருங்கள், என் கால்தடம்! பயப்படாமல் நடங்கள்!"

நரிக்கு ஒரு கணக்கு இருந்தது. பனி அதன் வயிறு வரை ஆழம். பதினொரு ஆடுகள் முன்னால் மிதித்துப் போனால், பின்னால் சொகுசாகப் போகலாமே!

"நரியே போயிருக்கிறது, நமக்கென்ன அண்ணி? பசியில் காது அடைக்கிறது!" என்றது கட்டையன் என்ற கிடா.

வெள்ளைநெற்றி அந்தத் தடத்தை உற்றுப் பார்த்தது. தடம் பாதி மூடிக் கிடந்தது. 'இரவுக் காற்று புதுப்பனியை அள்ளி வந்து இங்கே கொட்டியிருக்கிறது. சரிவின் மேல் சுமை கூடியிருக்கிறதே!' என்று நினைத்தது.

அப்போது பனிக்குள்ளிருந்து கையளவு பாறைமுயல் ஒன்று தலையை நீட்டியது.

"அம்மா, போகாதீர்கள்! நான் அடியில் குடியிருப்பவள். கீழே பனி ரவை மாதிரி உதிர்கிறது. என் வளையே நிற்கவில்லை!"

"பொடிப்பயலுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்?" என்று நரி சிரித்தது.

"பயல் இல்லை, பெண்! என் பேச்சை நம்ப வேண்டாம். தோண்டிப் பாருங்கள்!"

வெள்ளைநெற்றி ஓரத்திலேயே நின்று குளம்பால் தோண்டியது. மேலே பலகை போல இறுகிய பனி. அதற்கடியில் உதிரி உதிரியாக வெள்ளைக் குருணை, குளம்பு பட்டதும் கொட்டியது.

"பாறை முகடு வழியாகச் சுற்றிப் போவோம்" என்றது வெள்ளைநெற்றி.

"பொழுது சாய்ந்துவிடுமே அண்ணி!"

"சாயட்டும். பதினொரு பேரும் போய்ச் சேருவோம்."

"கொம்பு இருந்து என்ன பயன்? தைரியம் இல்லையே!" என்று நரி துள்ளிக்கொண்டு சரிவில் இறங்கியது.

பாதி தூரம் போயிருக்கும். 'தொம்!' என்று ஒரு சத்தம். சரிவின் குறுக்கே பனி ஒரு கோடாகப் பிளந்தது. மலையே நழுவியது போல் பனி முழுவதும் கீழே பாய்ந்தது.

எல்லாம் அடங்கியபோது அடிவாரத்தில் ஒரு வால்நுனி மட்டும் வெளியே தெரிந்தது. ஆடுகள் பாறை வழியாக ஓடி இறங்கி, மளமளவென்று தோண்டின. நரி வாயில் அடைத்த பனியைத் துப்பிவிட்டு நடுங்கியது.

"அக்கா, நானும் முகடு வழியாகவே வரட்டுமா?"

"வா. ஆனால் கடைசியில் வா, இனி வழி காட்ட வேண்டாம்" என்றது வெள்ளைநெற்றி.

நேற்று ஒருவரைத் தாங்கிய வழி இன்று நம்மைத் தாங்கும் என்று நம்பாமல், அடியைச் சோதித்த பிறகே காலை வைக்க வேண்டும்.