கண் உறுத்தாத இணையதளம்

மந்தாரக்குறிச்சியில் தண்ணீருக்குப் பஞ்சம் வந்ததுண்டு, யோசனைக்கு வந்ததே இல்லை. அந்த ஊர்ச் சமையல்காரர் திருமேனிக்குச் சொந்தமாக ஓர் இணையதளம் இருந்தது. இளைய மச்சினன் சடையாண்டி இரண்டே வாரம் கம்ப்யூட்டர் படித்த தைரியத்தில் செய்துகொடுத்தது. பின்னணியில் சாம்பார் கொதிக்கும். அதன்மேல் மஞ்சள் எழுத்து ஓடும். நாலு மூலையிலும் சீரியல் பல்பு மினுக்கும்.

ஒருநாள் பக்கத்து ஊர் அரிசி ஆலை முதலாளி நல்லமுத்து போன் செய்தார்.

"என்னய்யா இது? பொண்ணு கல்யாணத்துக்குச் சமையல் ஆள் தேடி உன் தளத்தைத் திறந்தா, கண்ணு உறுத்துது! நாளைச் சாயங்காலத்துக்குள்ள மாத்து. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்குவேன்."

திருமேனிக்குக் காதுகுத்து, சீமந்தம் என்றே காலம் போய்விட்டது. ஒரு கல்யாணப் பந்திக்காவது சமைக்க வேண்டும் என்பது அவருடைய இருபது வருஷ ஏக்கம்.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அக்கா மகள் தமயந்தியைக் கூப்பிட்டார்.

"ரொம்ப சிம்பிள் மாமா. வெள்ளைப் பின்னணி வைங்க. தேவையில்லாததை எல்லாம் எடுத்துடுங்க. கடைசியா, அதை இதுவரைக்கும் பார்க்காத ஒருத்தரைப் படிக்கச் சொல்லுங்க."

வெள்ளை வந்தது. சாம்பாரும் பல்பும் போயின. பிறகு மூத்த மச்சினன் பூவலிங்கம் தலைமையில் ஆலோசனை தொடங்கியது.

"போன் நம்பர் தேவையா?"

"எதுக்குண்ணே? முதலாளிதான் ஏற்கெனவே போன் பண்ணிட்டாரே," என்றான் சடையாண்டி.

நம்பர் போனது.

"பலகாரப் பட்டியல்?"

"சாப்பிட வர்றவங்க இலையில பார்த்துக்குவாங்க."

பட்டியலும் போனது.

"என் பேராவது இருக்கட்டுமே," என்றார் திருமேனி பாவமாக.

"உங்க பேரு உங்களுக்கு மறந்துபோச்சா அத்தான்?"

"இல்லையே."

"அப்புறம் எதுக்கு?"

பெயரும் போனது.

இனிப் பார்க்காத ஆள் வேண்டும். ஊரில் எல்லோரும் பழைய தளத்தைப் பார்த்தவர்கள். அதனால் வழியோடு போன பஸ் கண்டக்டரை இழுத்துவந்து திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள்.

"பார்த்துட்டாரு! இவரு இனிச் செல்லாது," என்று எழுப்பிவிட்டார் பூவலிங்கம். டிரைவரும் வந்தார், பார்த்தார், எழுந்தார்.

"ஆளு பார்க்கவும் கூடாது, படிக்கவும் வேணும்," என்று நெற்றியைத் தேய்த்த பூவலிங்கத்துக்கு வழி பிறந்தது. அடுத்து வந்த முட்டை வியாபாரிக்கு வாசலிலேயே துண்டால் கண்ணைக் கட்டி உள்ளே அழைத்துவந்தார்கள்.

"படிக்க முடியுதா?"

"தடங்கலே இல்லை. ஒரே மூச்சுல முடிச்சுட்டேன்."

"கண்ணு உறுத்துதா?"

"கொஞ்சங்கூட இல்லை."

திருமேனி சந்தோஷத்தில் அழுதே விட்டார்.

மறுநாள் சாயங்காலம் போன் அலறியது.

"யோவ், ஒண்ணையுமே காணோமே! ஒரே வெள்ளையா இருக்கு. கண்ணு கூசுது!" என்று கத்தினார் நல்லமுத்து.

திருமேனிக்குச் சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது.

"ஐயா, கண்ணைக் கட்டிக்கிட்டுத்தானே பார்த்தீங்க?"

"இல்லையே. கட்டணும்னு நீ சொல்லவே இல்லையே!"

"இப்பக் கட்டிக்கிட்டுப் பாருங்கய்யா."

அந்தப் பக்கம் துண்டு உதறும் சத்தம் கேட்டது. பிறகு நல்லமுத்துவின் குரல் குழைந்து வந்தது.

"அடடா! என்ன குளிர்ச்சி! கல்யாணச் சமையல் உனக்குத்தான்யா. இரு, சம்பந்தியையும் கண்ணைக் கட்டிக் கூட்டிட்டு வரேன், அவரும் ஒருதரம் படிக்கட்டும்."