கோமளத்தின் இடம்

பூவராகன் தன் மனைவி கோமளத்தை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, அவள் மடத்தின் பின்புறப் புல்தரையில், வெயிலில், முக்காலி போட்டு உட்கார்ந்து தண்ணீர் லாரிக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கம் ஏத்தாதப்பா. இது என் இடம்."

"பட்டா வாங்கிட்டியா?" என்று சிரித்தார் பூவராகன்.

"வாங்கியாச்சு. எனக்கப்புறம் நீங்கதான் இங்க உட்காரணும்."

அவர் காய்கறி வாங்கச் சந்தைக்குப் போனார். திரும்பி வந்தபோது அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

மடத்துக் குரு அப்போது யாத்திரை போயிருந்தார். அவர் வருவதற்குள் அந்தப் புல்தரை முழுக்கக் கருங்கல் பரப்பி, சிமெண்ட் பூசி, மேடை கட்டிவிட்டார் பூவராகன். கல்லெல்லாம் அவர் தோளில் சுமந்தது. மாலையில் அதன்மேல் போய் உட்கார்ந்திருப்பார். அப்புறம்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

தை மாதம் பாதயாத்திரைக்காரர்கள் வந்து தங்கினார்கள். கக்கூஸில் ஊற்றிய தண்ணீர் போகாமல் மேலே வந்தது. லாரி வைத்து செப்டிக் டேங்கைக் காலி செய்தார்கள். சில நாளில் மறுபடியும் பொங்கியது. கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி, "நாங்க அடுத்த ஊர்லயே தங்கிக்கிறோம் சாமி" என்று மூட்டையைத் தூக்கினாள்.

அன்றுதான் குரு வந்து சேர்ந்தார். மேடையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். கடப்பாரையை எடுத்து வந்து பூவராகனிடம் நீட்டினார்.

"ஐயா, இது அவளுக்குக் கட்டினது."

"தெரியுது."

"அவ சொன்ன இடம்."

"எதுக்குச் சொன்னா?"

பூவராகன் கடப்பாரையை வாங்கிக் கல்மேல் ஊன்றினார்.

"டேங்குல இருந்து வர்ற தண்ணிய மண்ணு குடிக்கணும்ல? இதுக்கு அடியிலதான் ஓட்டை போட்ட குழாய் ஓடுது. புதைச்சப்ப நீ ஊர்ல இல்ல. கோமளம்தான் ஜல்லி அள்ளிக் கொடுத்தா. மேல பாரம் ஏறக் கூடாதுன்னேன். மறுநாளே முக்காலியக் கொண்டாந்து போட்டுட்டா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொல்லியிருப்பா. நீதான் சிரிச்சுக்கிட்டே கேட்டிருப்பே."

பூவராகன் கல்லைத் தடவிக்கொண்டிருந்தார்.

"குழாய வேற இடத்துல புதைக்க முடியாதா ஐயா?"

"மத்ததெல்லாம் பாறை. உன்னால முடியலைன்னா கொடு, நான் பெயர்க்கிறேன்."

"வேணாம். நானே செய்றேன்."

கல்லுக்கு அடியில் குழாய்கள் நசுங்கிக் கிடந்தன. மண் கறுத்து நாறியது. அதை வாரிப் போட்டுவிட்டு, ஜல்லி கொட்டி, புதுக் குழாய் பதித்து, நல்ல மண்ணால் மூடினார்கள். குரு அருகம்புல் நட்டார்.

கடைசிக் கல்லை வேலியோரம் போட்டுவிட்டு வந்த பூவராகன் வெறுந்தரையைப் பார்த்தபடி நின்றார்.

"இனிமே அவளுக்குன்னு இங்க என்ன ஐயா இருக்கு?"

குரு அவளுடைய முக்காலியைக் கொண்டுவந்து நடுவில் போட்டார். கக்கூஸில் யாரோ வாளித் தண்ணீரை ஊற்றும் சத்தம் கேட்டது.

"தண்ணி இறங்குது" என்றார்.